மழையுண்டா என்றொரு பக்கம்

“…எம்பேச்சுக்கு இல்லாத மருவாதி இந்தச் செத்த பொட்டிக்கு வந்துட்டுல்லா, கொழுந்தனாரே! நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேன், நம்பல. இது வாயத் தொறக்காமக் கெடந்துச்சு, அத நம்பி அம்புட்டுத் தூரத்துலருந்து ரயிலேறி வாராவ ஒங்க அண்ணன்!”

செல்லக்கனி மதினி இதைச் சொன்னது என் பழைய கடையில் நின்றுகொண்டு. மதினி என்றால் என் பெரியப்பா மகன் பொன்ராசு அண்ணனின் மனைவி. செத்த பொட்டி என்றது கடை மூலையில் கிடந்த என் கம்ப்யூட்டரை. சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் அந்தக் குரல் திடீரென்று காதுக்குள் எழுந்தது.

ரயில் டிக்கெட் போடலாம் என்று போனில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். அது சுற்றிச் சுற்றி வந்து, திறக்க முடியவில்லை என்று கையை விரித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் போனிலும் அதே கதை. அவர் திட்டிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். கையை நீட்டிக்கூடப் பார்த்தேன். பங்குனி வெயில், ஒரு பொட்டு மேகம் கிடையாது. “என்னத்தப் பாக்கீய?” என்று அவர் கேட்டார். ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் ஊரில் மழை என்று மனசு குதிக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய? அந்தப் பழக்கம் எப்படி ஒட்டிக்கொண்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால் வெல்லப்பாகின் வாசத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோவில்பட்டியில் ரயிலடிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு வரிசைக் கட்டடத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஜெராக்ஸும் உண்டு. பக்கத்துக் கடையில் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி கடலைமிட்டாய் போட்டார். அவர் அடுப்பு என் சுவருக்குப் பின்னால். காலையில் சுவரில் முதுகைச் சாய்த்தால் கதகதவென்று இருக்கும். பாகு பதத்துக்கு வருவதை மூக்கே சொல்லிவிடும். இளம்பாகுக்கு ஒரு வாசம், கம்பிப் பாகுக்கு ஒரு வாசம், கொஞ்சம் அசந்தால் கசப்பு ஏறி வரும் வாசம் ஒன்று. நான் கம்ப்யூட்டர் படித்ததும் ஏறக்குறைய அப்படித்தான். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பக்கத்திலேயே கிடந்து, மோந்து மோந்து பழகியது. அதனால் பல இடங்களில் கருகவும் விட்டிருக்கிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் புதூர், நாகலாபுரம் பக்கத்துக் காட்டு ஜனங்கள். எங்கள் பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த காடு அல்ல. மானாவாரிப் புஞ்சையைத்தான் காடு என்போம். வீட்டுக்கு ஒருவராவது வெளியூரில் இருப்பார். முறுக்குக் கடை, பேக்கரி, பனியன் கம்பெனி என்று எங்கெங்கோ. எங்கே இருந்தாலும் போன் போட்டதும் முதல் கேள்வி, “மழை உண்டா?” பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா என்பதெல்லாம் அதற்கப்புறம். விதைப்பு மழை விழுந்தால் நிலம் கால் வைக்க விடுகிற அளவு ஆறியதும் விதைத்துவிட வேண்டும். அசந்தால் ஈரம் போய்விடும். கரிசல் மண் அதற்கெல்லாம் யாருக்கும் காத்திராது. மழையும் ஊர் பார்த்துப் பெய்யாது. இந்த ஓடைக்கு மேற்கே கொட்டும், கிழக்கே தூசி பறக்கும். ஆகவே, புதூரில் மழையாம் என்று யாராவது சொன்னால் வெளியூரில் இருப்பவன் அடுத்த கேள்வி கேட்பான்: “யார் காட்டுல?”

இதற்காகப் போனில் ஒரு குழு வைத்துப் பார்த்தோம். நன்றாகத்தான் போனது. அப்புறம் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் வந்தது. பிறகு கட்சி வந்தது. மழைச் செய்தி அதற்கடியில் எங்கோ புதைந்து போகும். அதைவிட மோசம், குழுவில் இருக்கும் பெண்களின் நம்பர் எல்லார் கண்ணிலும் பட்டது. மதினிக்கே யாரோ ஒருத்தன் போன் போட்டு, “சும்மா பேசலாம்னு…” என்றானாம். “சும்மா பேசணும்னா வா, புல்லு வெட்டணும், வெட்டிக்கிட்டே பேசலாம்னேன். வச்சுட்டான்” என்றார் மதினி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கே குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அவர் போனதும் மற்றப் பெண்களும் போய்விட்டார்கள். ஆண்கள் வெளியூரில், பெண்கள் ஊரில். மழையைக் கண்ணால் பார்க்கிறவர்கள் எல்லாம் போன பிறகு அந்தக் குழுவில் மழையைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

“நம்பர் தெரியாம, சொந்தமா ஒண்ணு வைக்க முடியாதா கொழுந்தனாரே?” என்று மதினிதான் கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். முடியுமா என்று அப்போது எனக்குத் தெரியாது.

தேடினேன். கருத்துக்களம் நடத்துவதற்கான மென்பொருள்கள் உலகத்தில் கொட்டிக் கிடந்தன. அதில் பலவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றியும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் துளிகூட ஆச்சரியப்படவில்லை. “கடலைமிட்டாய் போடுத வித இந்த ஊருக்கே தெரியுமேவே. யாரும் யார்ட்டயும் கேக்காம அடுப்பு வைக்கலாம். பாகு எறங்கணுமே, அதுதான் அவனவன் பாடு” என்றார். ஓப்பன் சோர்ஸ், திறந்த மூலம் என்கிறார்களே, அதற்கு அதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை நான் படித்ததில்லை.

ஓரங்கட்டி வைத்திருந்த கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி மூலையில் வைத்தேன். பிறகு ஒவ்வொரு மென்பொருளாக அதில் ஏற்றி, கடைக்கு வருகிறவர்களிடம் எழுதிப் பார்க்கச் சொன்னேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலக் குறிப்புகளை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு வரி புரிந்தால் அன்றைக்கு டீ ஒன்று கூடுதல்.

முதலாவது பழைய காலத்தது, கெட்டியானது. ஆனால் ஒரு பிரிவுக்குள் இன்னொரு பிரிவு, அதற்குள் தலைப்பு, தலைப்புக்குள் பதில். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “என்னவே இது, தாலுகா ஆபீஸ் மாதிரி அந்த ரூமுக்குப் போ, இந்த ரூமுக்குப் போங்குது” என்றார். அது போயிற்று.

இரண்டாவது அழகு. பார்த்ததும் எனக்கு அதுதான் என்று ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் வீட்டின் தரையைப் பார்த்து மயங்கிய மாப்பிள்ளை மாதிரி இருந்தேன். பேர் பேராகப் பட்டம் கொடுக்கும், எழுதுகிறவர்களைத் தட்டிக் கொடுக்கும். மதினி புதூர் பஸ்ஸில் வந்திறங்கிக் கடைக்குள் நுழைந்ததும் உட்கார வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, மழை என்று அடித்துப் பொத்தானை அழுத்தினார். பதிவு மிகவும் சிறியது, இன்னும் கொஞ்சம் எழுதுங்கள் என்றது திரை.

“பெய்யுது. இதுக்கு மேல என்னத்த எழுத? எப்படிப் பேஞ்சுதுன்னு கும்மி அடிக்கணுமோ?”

“பேசாம ‘எங்கள் காட்டில் நல்ல மழை பெய்தது’ன்னு போடுங்க மதினி.”

போட்டார். ஏற்றுக்கொண்டது. சோதனைதானே என்று அதையே இன்னொரு தடவை அடித்தார். இதை ஏற்கனவே சொல்லிவிட்டீர்கள் என்று தள்ளியது.

மதினி என் பக்கம் திரும்பினார். “ஏன் கொழுந்தனாரே, போன வருசம் பேஞ்ச மழையும் இந்த வருசம் பெய்யுத மழையும் ஒண்ணா?”

 அதற்குள் அடுத்த அறிவிப்பு வந்தது. நீங்கள் புதியவர், மற்றவர்கள் எழுதியதைக் கொஞ்ச காலம் படித்துவிட்டு வாருங்கள் என்று. “நான் என்ன புதுப் பொண்டாட்டியா, மூலைல நின்னு மொகத்த மொகத்தப் பாக்க?” என்று எழுந்துவிட்டார். அந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் தளர்த்தி வைக்கலாம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் பயனில்லை. அது கேட்ட மெமரி எங்கள் பொட்டியில் இல்லை. மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நின்றுவிடும்.

மூன்றாவது சின்னது. எங்கோ பனி பெய்கிற தேசத்தில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியது. பட்டம் கிடையாது, அழகும் கிடையாது. ஒரு பெட்டி, அதில் எழுதினால் மேலே வந்து உட்காரும், அவ்வளவுதான். அதற்கும் குறைந்தபட்ச நீளம் என்று ஒரு எண் உண்டு. ஆனால் உள்ளே போய்த் தேடினால் அந்த எண் கண்ணெதிரே இருந்தது. அதை ஒன்று என்று மாற்றினேன். யாரோ முகம் தெரியாதவர் வீட்டுச் சமையலறைக்குள் புகுந்து உப்பை எடுத்துப் போட்ட மாதிரி ஒரு கூச்சம். பெட்டியில் மழை என்று அடித்தேன். மேலே போய் உட்கார்ந்தது. பக்கத்துச் சுவருக்குள் பாகு பதத்துக்கு வந்த வாசம். அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கண் சொக்குகிறது.

அதற்குத் தமிழ் தெரியாது. பொத்தான்களுக்கு நாங்களே பேர் வைத்தோம். நுழைவதற்கு ‘உள்ள வாங்க’. வெளியேறு என்று நான் எழுதியதை மதினி விடவில்லை. “வந்தவுகள வெளியேறுன்னா சொல்லுவாக? ‘போயிட்டு வாரேன்’னு போடுங்க” என்றார். தேடியது கிடைக்காவிட்டால் ‘இங்கன இல்ல’. ஏதாவது கோளாறு என்றால் ‘செத்த பொறுங்க’. பக்கத்துக்கு ‘மழையுண்டா’ என்று பேர். அதைப் பற்றி யாருக்கும் இரண்டாவது யோசனையே வரவில்லை.

சேர்வதற்கு ஒரு பேர் கொடுக்க வேண்டும். இங்கேதான் எங்கள் ஜனம் ஒரு வேலை செய்தது. சொந்தப் பேரைப் போடாமல் எல்லாரும் அவரவர் காட்டின் பேரைப் போட்டுவிட்டார்கள். ஓடைக்காடு, புளியடிப்புஞ்சை, நரிமேடு, வண்ணான்துறைக்காடு என்று. மதினி மேக்காடு. இது என்ன கூத்து, ஆள் யாரென்றே தெரியாதே என்று தலையில் கைவைத்தேன். முதல் தூறல் விழுந்ததும்தான் விளங்கியது. நரிமேடு: மழை. ஓடைக்காடு: மழை. புளியடிப்புஞ்சை: இல்ல. அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். பம்பாயில் முறுக்குச் சுற்றிக்கொண்டிருப்பவன் கண்ணை மூடினால் மேகம் எந்த வரப்பு வழியாகப் போகிறது என்று தெரியும். நிலமே ஒவ்வொன்றாக வாய் திறந்து பேசுகிற மாதிரி இருக்கும். மத்தியான வேளையில் கடையில் ஆளில்லாதபோது அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். தீப்பெட்டிக் கம்பெனிகளின் கந்தக வாடையும் பாகு வாசமும் கலந்த காற்று வரும். திரையில் மழை, மழை, மழை என்று கீழிருந்து மேலே ஏறும். கடைக்குள் காய்ந்த சிமெண்டுத் தரை.

இனி அண்ணாச்சியின் மெயின் சுவிட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கம் குடியிருந்தது அந்த மூலைப் பொட்டிக்குள்தான், அது அணைந்தால் எந்த ஊரிலும் பக்கம் திறக்காது. எங்கள் ஊரில் இடி முழங்கினால் முதல் காரியம் ஒயரைப் பிடுங்குவது. அதில் அண்ணாச்சி ஒரு படி மேல். முன்னொரு தரம் இடி இறங்கி அவர் வீட்டு டிவி, பிரிட்ஜ் எல்லாம் கருகிப்போயிருந்தன. அதிலிருந்து, வடகிழக்கில் மின்னினாலே வரிசைக் கடை முழுக்க மெயினை அணைத்துவிடுவார். என் கடையில் வந்து போன் ஒயரையும் கழற்றிவிட்டுத்தான் போவார். மழை விட்டு, வானம் வெளுத்து, அவருக்கு மனசு தெளிந்த பிறகுதான் மறுபடி வெளிச்சம். இரவெல்லாம் தூறினால் மறுநாள்தான்.

“அண்ணாச்சி, மழை பெய்யும்போதுதான் இது ஓடணும்” என்று கெஞ்சினேன்.

“மழை பெய்யுதுன்னு சொல்லுததுக்கு மிஷின் எதுக்குவே? தலைய வெளிய நீட்டும்.”

“வெளியூர்க்காரங்க தலைய நீட்டுனா தெரியாதுல்லா?”

“எரிஞ்சு போனா ஒம்ம மழையா வந்து பொட்டி வாங்கித் தரும்?”

இப்படியாக, மழைக்கென்று வைத்த பக்கம் மழை வந்தால் மூடிக்கொள்ளும். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் அழாத குறையாகச் சிரித்தேன். ஆனால் வெளியூரில் இருந்தவர்கள் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நாளில் அவர்களே ஒரு கணக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள். தூறல் என்றால் பக்கம் திறக்கும், காட்டின் பேர்கள் வரும். பக்கமே திறக்கவில்லை என்றால் கோவில்பட்டி வரைக்கும் வானம் இருண்டு இடிக்கிறது, பெருமழை. மூடிக் கிடக்கிற நேரம் நீள நீள மழையும் நீளம். “பொட்டி கண்ண மூடிட்டுடே!” என்று ஒருவனுக்கொருவன் போன் போட்டுச் சொல்லுவானாம். திறக்கக் கூடாது, திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள் உலகத்தில் எங்கள் ஆட்களாகத்தான் இருப்பார்கள்.

பொன்ராசு அண்ணன் அதில் முதல் ஆள். அவருக்கு முறுக்குக் கடையில் வேலை, ரயிலில் வர ஒரு பகல் ஒரு ராத்திரிக்கு மேல் ஆகும். எங்கள் வீடுகளில் முதல் கை விதையை வீட்டு ஆம்பிளைதான் தெளிக்க வேண்டும் என்று ஒரு முறை உண்டு. அண்ணன் வரும்வரை மதினி காத்திருப்பார். ஒரு வருஷம் மதினி போன் போட்டு, மழை பெய்துவிட்டது வாங்க என்றிருக்கிறார். அண்ணன் யோசித்து, விசாரித்து, அப்புறம் கிளம்பி வந்து சேர்ந்தபோது மேக்காடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்த வருஷம் அந்தக் காட்டில் ஒன்றுமில்லை. ஏன் அண்ணே உடனே கிளம்பவில்லை என்று கேட்டேன்.

“ஏலே, அவ மழைக்காகக் கூப்புடுதாளா, எனக்காகக் கூப்புடுதாளா? அது வெளங்கணும்லா? நாலு காட்டுக்காரன் எழுதட்டும், பெறவு டிக்கெட் எடுக்கேன்.”

சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் மாதிரி ஒன்று. எனக்கு அது பிரியமாகத்தான் பட்டது. மதினியிடம் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்து. சிரிக்கவில்லை. “ரெண்டுக்குந்தான் கூப்புட்டேன்” என்றார்.

அடுத்த வருஷம் மழை முற்பகலிலேயே மேக்காட்டில் இறங்கியது. மதினி வரப்பில் நனைந்துகொண்டே அண்ணனுக்குப் போன் போட்டார். சைட்டைப் பார்க்கிறேன் என்றாராம் அண்ணன். மதினி உடனே பக்கத்தில் எழுதப் பார்த்தால் அது திறக்கவில்லை. இங்கே கோவில்பட்டியில் வானம் கிழிந்து இடி விழுந்து, அண்ணாச்சி எப்போதோ மெயினை இறக்கிவிட்டார். சாயங்காலமும் இருட்டு. மறுநாள் காலையும் பொட்டி எழும்பவில்லை. அதற்குள் அண்ணன் ரயிலில் இருந்தார். நடுவழியிலிருந்து மதினிக்குப் போன் போட்டு, “சைட்டு மூடியே கெடக்கு, அதான் நம்பிக் கெளம்பிட்டேன்” என்று குதூகலமாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பொட்டி இப்போது இல்லை. சில வருஷம் கழித்து, எப்போதும் விழித்திருக்கிற ஒரு வாடகைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தை மாற்றினேன். நல்லதுதான் செய்ததாக நினைத்தேன். இடியானாலும் மின்னலானாலும் அது திறந்தே கிடந்தது. திறந்தே கிடந்ததால், திறக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் வரவில்லை. பிறகு போனிலேயே மேகப்படம் வந்துவிட்டது. ஓடைக்காட்டில் சூரியத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றுக்கு மழை வேண்டாம். நரிமேடும் அப்படியே. பனி தேசத்து மனிதர் தன் மென்பொருளைக் கைவிட்டார். அண்ணாச்சியின் பிள்ளைகள் இடிதாங்கி வைத்துவிட்டார்கள். மெயின் சுவிட்சை யாரும் தொடுவதில்லை. ‘போயிட்டு வாரேன்’ என்ற பொத்தானைக் கடைசியாக அழுத்தியது யார் என்று எனக்குத் தெரியாது. மழை இப்போதும் பெய்கிறது. அதைக் காட்டின் பேரால் சொல்ல ஆளில்லை.

ஆனால் அண்ணன் ரயில் வர வேண்டிய அந்தக் காலை கண்ணுக்குள் இருக்கிறது. ஈரம் காயாத தெரு. மதினி விதை உளுந்து வாங்கவும் அண்ணனை அழைத்துப் போகவும் கோவில்பட்டி வந்திருந்தார். ரயில் தாமதம் என்று தெரிந்தது. மேக்காட்டில் அன்றைக்குத்தான் கால் வைக்கலாம். விதைக்க வரும் டிராக்டர்காரர், வெயில் ஏறுவதற்குள் வராவிட்டால் அடுத்த காட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். பொட்டி அப்போதும் மூலையில் இருட்டாகத்தான் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் மதினி, ‘எம்பேச்சுக்கு இல்லாத மருவாதி’ என்ற அந்த வார்த்தையைச் சொன்னார்.

“செத்த நேரந்தான மதினி, அண்ணன் வந்துருவாங்க. முதல் கை அவங்கதான…” என்று இழுத்தேன்.

மதினி விதைப்பையின் வாயை அவிழ்த்து ஒரு கை உளுந்தை அள்ளிப் பார்த்தார். திரும்பவும் உள்ளே விட்டு, வாயை இறுக்கிக் கட்டினார்.

“ரயிலு வந்தா, காட்டுக்கு வரச் சொல்லுங்க. விதச்ச எடத்த மிதிக்காம வரப்பு மேல நடந்து வரச் சொல்லுங்க.”

பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ரயிலடிப் பக்கம் திரும்பாமல், புதூர் பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார்.